அம்மை இல்லாத வீட்டு வேப்பிலை

2024 ஜூலை 18, வியாழன்

இன்றும் லாண்டரியில் பெரிய இஸ்திரி இயந்திரம் மக்கர். ஹோட்டலில் கல்யாணம், மேசைவிரிப்புகளைக் கையாலேயே தேய்த்தோம். இடுப்பு போனது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மகள் போன் பண்ணினாள். "ம்மா, ஈப்போ ஸ்டேஷன்ல நிக்கிறேன்." பாரிட் புந்தாரிலிருந்து புருஷனிடம் சொல்லாமல் ரயிலேறி வந்திருக்கிறாள் ஷர்மினி, ஒரே ஒரு கைப்பையோடு.

முகத்தில் மாஸ்க். லகாட்டில் எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரை கழற்றவில்லை. கழற்றியதும் பார்த்தேன். இடது தாடை நீலம் பாரித்துக் கிடந்தது. மாப்பிள்ளை ரூபனின் கைவரிசை. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அவன் பின்னாலேயே வந்து அழுதான், இவளும் அவனோடு கிளம்பிப் போனாள். இந்த முறை?

பக்கத்து வீட்டு லத்தீபா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மக வந்திருக்கா போலருக்கே அக்கா?" என்றாள். "ஆடி பொறந்திருச்சில்ல, அதான்" என்றேன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனவளுக்கு என்ன ஆடி அழைப்பு? லத்தீபா முஸ்லிம்தான், ஆனால் நம் வழக்கமெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புமுன் லோரியின் முன்பக்கம் தொங்கிய பழைய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிட்டு, புதுப் பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். வெள்ளிக்கிழமை தவறாமல் செய்வார். கல் குவாரி ரோட்டில் கண்ணேறு படக் கூடாதாம். கட்டி முடித்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து மகளிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. நாலு பேரு என்ன சொல்வாங்க" என்றார்.

லோரிக்குப் பழம், மகளுக்குப் புத்திமதி. சாயங்காலம் வந்த கோபத்தில் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். குடிக்கட்டும் என்று அப்படியே ஊற்றினேன். அதையும் அனுசரித்துக் குடித்தார்.

ஜூலை 21, ஞாயிறு

ஷர்மினியின் கைப்பையைத் துடைக்க எடுத்தேன். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம், குங்குமம் ஒட்டி, காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

"அத்தை குடுத்தாங்கம்மா. கோயில்ல பூச பண்ணது. எப்பவும் பையில வச்சிக்கோ, ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

சம்பந்தி நவமணி. மகன் அடிக்கிற சத்தத்தை அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் மருமகள் கையில் பழத்தைக் கொடுக்கிறாள். மகனின் கையைப் பிடிக்க வக்கில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பழத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். எறிந்த பிறகு மனசு கேட்கவில்லை. அம்மன் கோயில் பழம், போயும் போயும் சாக்கடையிலா? குச்சியை விட்டு எடுத்து, கழுவி, ரோஜாச் செடி மண்ணில் புதைத்தேன். இவ்வளவு பயமும் இவ்வளவு கோபமும் எனக்கு ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

ஜூலை 23, செவ்வாய்

போலீஸில் ரிப்போர்ட் கொடு என்றேன். "நாளைக்கும்மா" என்றாள். நேற்றும் நாளைக்குத்தான்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவனோடு போனில் பேசுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவன் அழுவது கேட்கிறது. நன்றாக அழுவான். என் மகள் அடிக்குப் பயந்து போனவள் இல்லை, அந்த அழுகையிடம்தான் தோற்றுப் போகிறாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை வராங்களாம்" என்றார் இவர். "மாப்பிள்ள, அவங்கம்மா, அவங்க கோயில் தலைவரு. பேசி முடிச்சு புள்ளய கூட்டிட்டுப் போறாங்களாம். கோழி வாங்கவா, ஆடு வாங்கவா?"

கறியைப் பற்றித்தான் இவருக்குக் கவலை.

ஷர்மினியிடம் போய், என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்குப் போக வேணாம்மா. ஆனா அவரு மொகத்த நேர்ல பாத்துட்டா என்னால வேணாம்னு சொல்ல முடியாது. ரெண்டு தடவையும் அப்படித்தான் ஆச்சு."

பார்த்துவிட்டால் போய்விடுவாள். இதுதான் விஷயம். வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு பகல்தான் இருக்கிறது, என் தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

எப்படி எழுதுவது. எழுதத்தான் வேண்டும், வாயால் யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் இவர் பாசாருக்குக் கோழி வாங்கப் போயிருந்தார். ஷர்மினி குளித்து, சேலை கட்டி, கண்ணாடி முன்னால் நின்று தாடையில் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள். யாருக்காக மறைக்கிறாள்? அடித்தவனுக்காகவா? அந்தப் பவுடரைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ புரண்டுவிட்டது. கதவைப் பூட்டினால் தட்டுவான், தட்டினால் இவள் திறப்பாள். ஊர்ப் பெரிய மனுஷனைக் கூட்டி வருகிறவனிடம் போகச் சொன்னால் போவானா? எந்த வாசலைப் பார்த்தால் இந்த ஜனங்கள் கேள்வி கேட்காமல் திரும்புவார்கள்?

அப்போதுதான் தோன்றியது. ரப்பர் தோட்டத்தில் நாங்கள் லயத்து வீட்டில் இருந்த காலத்தில், எந்த வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கினாலும் கங்காணிகூட ஒதுங்கித்தான் நடப்பார். அம்மை கண்ட வீடு, ஆத்தா வந்து இறங்கியிருக்கிற வீடு. வெளியாள் உள்ளே போகக் கூடாது. படுத்திருப்பவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அவளை யாரும் வெளியே கூட்டிப் போகவும் கூடாது.

லத்தீபா வீட்டுப் பின்பக்கம் வேப்பமரம் நிற்கிறது. அவள் புருஷன் ஜாகிர் சர்க்கரை நோய்க்குக் கொழுந்து தின்பதற்காக வளர்ப்பது. எங்கள் பக்கம் சாய்ந்த கிளையைக் கேட்காமலே ஒடித்தேன். நிலையில் கட்டினேன், கேட்டில் கட்டினேன், வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஷர்மினியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். மாரியம்மா பேரை வைத்துப் பொய் செய்கிறேன் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் முடிச்சுப் போட்டேன்.

கார் வந்து நின்றது. ரூபன் இறங்கிக் கேட்டில் கை வைக்கப் போனான். "டேய், நில்லுடா" என்றாள் பின்னால் வந்த நவமணி. வேப்பிலையைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கு சம்பந்தி?"

"ஷர்மிக்குத்தான். காலையிலதான் முத்து கண்டுச்சு. மேலெல்லாம் எறங்கியிருக்கு."

தலைவர் கைகூப்பிவிட்டு, கூப்பிய கையோடு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ரூபன் மட்டும் நகரவில்லை. "போன்ல ஒண்ணும் சொல்லலையே அத்தே" என்றான்.

"அம்மா போட்டவ போனைத் தொடுவாளா?" எங்கிருந்து வந்ததோ அந்தச் சட்டம்.

"வீடியோவுலயாச்சும் மொகத்தக் காட்டச் சொல்லுங்க."

"ஆத்தா மொகத்த வீடியோவுல பாக்கணுமா ஒனக்கு?" என்று நவமணியே அவனை அதட்டினாள்.

இந்த நேரம் பார்த்து இவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் உரித்த கோழி. தன் வீட்டு வாசலில் வேப்பிலையைக் கண்டதும் மனுஷனுக்கு உதடு துடித்தது. "எம் புள்ளைக்கா?" என்று கோழியைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் ரூபன் நம்பினான். "கவுச்சியோட உள்ள போகாதீங்கண்ணே" என்றாள் நவமணி. நல்லவேளை, மலாய்க்காரர் கடை ஹலால் கோழி. லத்தீபா வீட்டுக்குப் போனது.

இவருக்குச் சின்ன வயதில் அம்மை போடவே இல்லை என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அதையே பிடித்துக்கொண்டு, ஒட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்தி, தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். போக வேண்டியவள் நான்.

ஜூலை 29, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். சேதி எங்கள் தாமானில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கேட்டருகே இளநீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டாள். ஷர்மினி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "ம்மா, நான் சாமியாயிட்டேன்" என்று சிரித்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கையில் அரிக்கிறது. சிவப்பாக ஒரு புள்ளி. கொசுதானே? கொசுவாகத்தான் இருக்கும். எனக்குத் தோட்டத்திலேயே அம்மை வந்துபோய்விட்டது, மறுபடி வராது என்பார்கள். ஆத்தா நினைத்தால் வராதா?

ஜூலை 31, புதன்

புள்ளி மறைந்துவிட்டது. கொசுதான். ஆனாலும் அரிப்பு போகவில்லை.

பின்பக்கம் துணி காயப் போடும்போது லத்தீபா வேலியோரம் வந்து நின்றாள். "கேட்டிருந்தா நானே நல்ல கொத்தா ஒடிச்சுத் தந்திருப்பேன்லா அக்கா. நீங்க ஒடிச்ச எடத்துல பட்டையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு, பாவம் மரம்."

தப்புத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து ஷர்மி இங்க நின்னு தலை காய வச்சா. ஒடம்புல ஒரு முத்தும் இல்ல. தாடை மட்டும் மஞ்சளா இருக்கு."

பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தேன். அவள் சேலை முந்தானைக்குள்ளிருந்து புது வேப்பங்கொத்தை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினாள். "பழசு வாடிருச்சு. வாடுனா சனங்களுக்குச் சந்தேகம் வரும். எங்க வீட்டுக்காரரு கடைக்கு வர்ற ஆளுங்க கேட்டா, ஆத்தா ரொம்ப உக்கிரமா இருக்கா, அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லிட்டிருக்கேன். பொய் இல்லல்ல அக்கா? நீங்க உக்கிரமாத்தானே இருக்கீங்க."

உள்ளே வந்து அழுதேன். பயத்திலா, ஆறுதலிலா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

சண்டை. போனை ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று ஷர்மினி கேட்டாள். நான்தான் ஞாயிற்றுக்கிழமையே எடுத்து அரிசி வாளிக்குள் வைத்தேன்.

"நீங்களும் அவரும் ஒண்ணுதான்மா. ரெண்டு பேரும் என்னைக் கேக்காம கதவைச் சாத்துறீங்க."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆனா அவ சொல்றது நெசந்தானே? கேட்டேனா நான்? ஒரு வார்த்தை கேட்டேனா? நேரம் இருந்துச்சா கேக்க? இருந்துச்சு— கொத்து கட்டுன பிறகாச்சும் கேட்டிருக்கலாம்.

வாளியிலிருந்து போனை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். கதவையும் திறந்துவிட்டேன். "போணும்னா போ. கேட்டுல இருக்கற வேப்பிலை வெளியாளுக்குத்தான், ஒனக்கில்ல" என்றேன். அவள் வாசல்வரை போனாள். நான் அடுப்படியில் திரும்பி நின்று, கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நிலைப்படியில் உட்கார்ந்து போனை அணைத்து மடியில் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று மறுபடியும் வந்தார்கள். தலைவர் இல்லை, அம்மாவும் மகனும் மட்டும். நவமணி தூக்குவாளியில் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். நான் கேட்டைத் திறக்காமல் நின்றே பேசினேன்.

"அஞ்சு நிமிசம் பாத்துட்டு வந்துர்றேன் அத்தே" என்றான் ரூபன். கண் சிவந்திருந்தது. "எனக்கு சின்னப்புள்ளையிலயே போட்டுருச்சு, ஒண்ணும் ஒட்டாது. நான் அவ புருஷன்."

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து அந்த வாசம் வந்தது. கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நெத்திலி. ஒரு வாரமாகப் பத்தியச் சாப்பாட்டையே தின்று வெறுத்துப்போன என் மகள், ஆள் வந்தது தெரியாமல் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கிறாள். அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். அதுவும் நெத்திலி.  முடிந்தது கதை என்று நினைத்தேன்.

நவமணி மூக்கை உறிஞ்சினாள். நிலையில் தொங்கிய பச்சை வேப்பிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"என்னம்மா தாளிக்கிற வாசம் வருது?" என்றான் ரூபன்.

"பக்கத்துல பாய் வீடு இருக்கில்ல, அங்கேருந்து வருது" என்றாள் நவமணி. அவன் கேட்டின் கொண்டியில் கை வைத்தான். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, மகனுடைய நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். "ஆத்தா இருக்கற வீடு. மீறி காலெடுத்து வச்சேன்னா நீ விளங்கமாட்டே. போயி கார்ல உக்காரு."

அவன் அவளை முறைத்த முறைப்பை நான் பார்த்தேன். கை மடங்கியது. ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். காருக்குப் போய்விட்டான்.

அவள் கூழ் வாளியைக் கேட்டின் மேல் என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தை நிமிர்த்தாமலே பேசினாள். "இவங்கப்பாவும் இப்படித்தான் சம்பந்தி. எனக்கு யாரும் வேப்பிலை கட்டல. எங்கம்மா வீட்டுல கோழியடிச்சு சோறு போட்டு அனுப்பி வச்சாங்க. கோயில் பழம்தான் எனக்குத் தெரிஞ்சது, அதத்தான் அவளுக்கும் குடுத்தேன்." பிறகு, "சீக்கிரம் தண்ணி ஊத்திராதீங்க" என்றாள்.

கார் போன பிறகும் நான் வாளியோடு நின்றுகொண்டே இருந்தேன். அவளை எத்தனை திட்டியிருக்கிறேன், எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே போனால், ஷர்மினி கரண்டியோடு ஜன்னலோரம் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். நெத்திலி கருகிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் எழுந்து, "ம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்மா. நானே சொல்லணும்." லத்தீபா மட்டும் கூடப் போனாள். வேலியோரப் பின்வாசல் வழியாகத்தான் போனார்கள், அம்மை கண்டவள் நடந்து போவதை யாரும் பார்க்கக் கூடாதே.

காயம் ஆறிவிட்டதே, போலீஸ் அனுப்பும் டாக்டர் எதைப் பார்ப்பார் என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். மூன்று தடவையும் அடி வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். திரும்பி வந்துதான் சொன்னாள். அவள் தயாராகத்தான் இருந்திருக்கிறாள், கொஞ்ச நாள் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இவரைத் தம்பி வீட்டிலிருந்து வரவழைத்து உண்மையைச் சொன்னேன்.  "அப்ப நான் அழுததெல்லாம்?" என்றார்.  அழுதது அம்மைக்கு என்றாலும் அழவேண்டியது உண்மைதானே என்றேன். ஷர்மினி போனிலிருந்த படங்களைக் காட்டினாள். ஒன்றைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்க்காமல் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே போய் லோரிப் படியில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் போன் பண்ணியபோது, "எம் மக வராது. அதான் முடிவு" என்று இவர் சொன்னது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். கூட்டம். தள்ளி நின்று சொன்னேன். தாயே, நீ வராமலே வந்ததா சொல்லிட்டேன், தப்புத்தான், எனக்கு என்ன வேணா செய், அவள விட்டுரு. சொல்லிவிட்டு நிற்கும்போதே ஒன்று தோன்றியது. வராமலா இருந்தாள்? ரூபன் கொண்டியில் கை வைத்தபோது தடுத்த கை யாருடையது? தெரியவில்லை. இளநீர் வைத்துவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் கூழ் காய்ச்சி ஊற்றிவிட வேண்டும். அந்த இளநீரையெல்லாம் நாங்கள் குடித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். ரூபன் இனி இவளை நெருங்கக் கூடாது. ஷர்மினிக்கு எங்கள் ஹோட்டலிலேயே முன்பக்கக் கவுண்டரில் வேலை. இன்னும் கார் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பசியாறிக்கொண்டிருந்தோம். கேட்டருகே ஆள் நிற்பது தெரிந்து ஷர்மினி எழுந்து போனாள். நவமணி. தனியாக வந்திருந்தாள், தோளில் ஒரு துணிப்பை.

"ஒன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

பார்த்துவிட்டுப் போகிறவள் மாற்றுச் சேலை எடுத்து வருவாளா? பையின் வாயில் மடிப்பு தெரிந்தது. வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஷர்மினி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"நீ வந்துட்டே. இப்ப வீட்டுல நான் மட்டும்தானே இருக்கேன்" என்றாள் நவமணி, கடைக்குப் போன கதையைச் சொல்வதுபோல.

ஷர்மினி அந்தக் கையை விடவில்லை.  இவர்தான் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய், ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார். நவமணி கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றப் போனாள்.

"அங்க விடாதீங்க தங்கச்சி. நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். "உள்ள எடுத்துட்டு வாங்க."

கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.